டவல் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓடிய குழாய்

மாடியில் ஓர் அறையும் அதை ஒட்டி ஒரு பாத்ரூமும் கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் வேலையைப் பார்க்க வந்த என் நாத்தனார், நான் டேப்பை வைத்துச் சுவரை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மதினி? பிளம்பர் பார்த்துக்க மாட்டாரா?" என்று கேட்டாள். சில வருஷங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். நின்ற நிலையில் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில், விளாங்குடிப் பக்கம். 1996-இல் என் மாமனார் கட்டியது. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாம் ஜிஐ குழாய்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். போர்த் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சித் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர். 2019-இல் கீழ் பாத்ரூமை இடித்துப் புதுப்பித்தபோது சுவரிலிருந்து எடுத்த பழைய குழாயைப் பார்த்தேன். முக்கால் இன்ச் குழாய்தான், ஆனால் துருவும் உப்பும் அடைந்து உள்ளே ஒரு பென்சில் நுழைகிற வழிதான் மிச்சம் இருந்தது. ஷவரில் தண்ணீர் வராததற்கு வருஷக்கணக்காக ஷவரையே மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எங்கள் பிளம்பர் அண்ணன் அந்த பாத்ரூம் முழுவதற்கும் சிபிவிசி (சுடுதண்ணீரும் தாங்குகிற பிளாஸ்டிக் குழாய்) லைன் போட்டார். சுவரை வெட்டி, குழாயைப் பதித்து, ஜாயின்ட் எல்லாம் முடித்த அன்று மாலை என்னிடம் வந்து, "ஒரு நாள் விடுங்க டீச்சர். பம்ப் வச்சு பிரஷர் ஏத்தி, ராத்திரி பூரா அப்படியே விட்டுப் பார்த்துட்டு மூடிருவோம்" என்றார். டைல்ஸ் போடுகிறவர் மறுநாள் காலை வருவதாக இருந்தது. ஒரு நாள் தள்ளினால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்று பயந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்லவேளையாக அவர் போட்ட ஜாயின்ட் ஒன்றுகூட ஒழுகவில்லை. ஆனாலும் அந்த ஒரு ராத்திரியை நான் கொடுத்திருக்க வேண்டும். மூடிய பிறகு ஒழுகினால் உடைக்க வேண்டியது டைல்ஸை. மூடுவதற்கு முன்னால் தெரிந்தால் ஒரு எல்போவோடு, அதாவது குழாய் திரும்புகிற இடத்தில் போடுகிற ஒரு வளைவுத் துண்டோடு, போய்விடும்.

அடுத்த வருஷம் பாத்ரூமில் டவல் ஸ்டாண்டு மாட்டினோம். என் கணவர் டிரில்லரோடு நின்றார், "இங்கே மாட்டுங்க" என்று இடத்தைக் காட்டியவள் நான். மேலே கீசர், கீழே சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தருகிற மிக்சர் டேப், இரண்டுக்கும் நடுவே கைக்கு எட்டுகிற உயரத்தில் வெறுஞ்சுவர். பார்க்க அழகாக இருந்தது.

2021 ஐப்பசி மழையில் பாத்ரூமுக்கு அடுத்த படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால் ஓதம் தெரிந்தது. மழைதான் காரணம் என்று நினைத்தோம். மார்கழி போனது, தை போனது, வெயில் வந்தது. ஓதம் மட்டும் போகவில்லை. மழை ஓதமாக இருந்தால் வெயிலில் காய்ந்திருக்கும். இதை யோசிக்காமல் பெயின்டரைக் கூப்பிட்டோம். அவர் சுரண்டிவிட்டு, ஏதோ வாட்டர்புரூஃப் என்று இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். ஆறு வாரத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. மறுபடியும் அடித்தோம். இரண்டு தடவை அடித்த கூலியைக் கூட்டிப் பார்த்தால், சுவரை உடைத்துச் சரிசெய்த செலவை விட அதிகம்.

என் அனுபவத்தில் வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல், எங்கே தெரிகிறதோ அங்கே பூசுகிறோம். தண்ணீருக்குக் காட்டிக்கொடுக்கிற குணம் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. ஒரு இடம் எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால், தண்ணீர் வரும் லைனில் ஒழுகல் என்று சந்தேகப்படலாம், ஏனென்றால் அதில் ராத்திரி பகல் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது. குளித்த பிறகோ துவைத்த பிறகோ மட்டும் ஈரம் கூடிவிட்டுப் பிறகு குறைந்தால், கழிவுநீர் போகிற பக்கத்தில், அல்லது டைல்ஸ் இடுக்கில் கோளாறு இருக்கலாம். மேல்தொட்டியை நிரப்பி, மோட்டாரையும் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, படுக்கப் போகும்முன் தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கேயோ போகிறது. இதற்கு பிளம்பரே தேவையில்லை.

இதை எனக்குச் சொன்னவரும் அதே அண்ணன்தான், நான் போனில் அவரைத் திட்டிய பிறகு. "நீங்க போட்ட லைன் ரெண்டே வருஷத்துல ஒழுகுது" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "டீச்சர், மொட்டை மாடியில பாத்ரூம் வால்வை அடைச்சுட்டு ரெண்டு நாள் பாருங்க. ஈரம் குறைஞ்சா நம்ம லைன்தான். நானே வந்து பார்த்துத் தர்றேன்" என்றார்.

மாடியில் அந்தப் பித்தளை கேட் வால்வு 1996-இல் போட்டது. போட்ட நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதாக நினைவில்லை. என் கணவர் திருகினார், அசையவில்லை. ரெஞ்ச் வைத்துத் திருகினார். ஒரு சுற்று சுற்றி, கையில் கனமே இல்லாமல் தொடர்ந்து சுற்றிக்கொண்டே போனது. உள்ளே வழியை மூடுகிற கேட் என்ற தகடு மட்டும் கழன்று விழுந்து வழியை அடைத்துக்கொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. சமையலறைக்கும் அந்த வால்வு வழியாகத்தான் லைன், அதனால் வீட்டில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் தூக்கினோம்.

வால்வு என்பது ஆபத்துக்கு உதவுவதற்காக வைத்தது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவையாவது முழுக்க மூடி, முழுக்கத் திறந்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் வீடுகளில் இது இன்னும் அவசியம். எந்த வால்வு எந்த இடத்துக்குப் போகிறது என்று பெயின்டால் எழுதிவையுங்கள். சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும்போது மாடியில் ஏழு வால்வுகளுக்கு நடுவில் நின்று தேட முடியாது. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும்கூட, அந்த இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அன்று மாலையே அண்ணன் வந்துவிட்டார். திட்டு வாங்கிய மனிதர், ஞாயிற்றுக்கிழமை, கையாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வால்வை மாற்றினார். தண்ணீரைத் திறந்தால் தொட்டி நிறைய இருந்தும் சமையலறையில் ஒரு சொட்டு வரவில்லை. லைனில் காற்று அடைத்துவிட்டது என்றார். எங்கள் வீட்டில் தொட்டியிலிருந்து வெளியே வரும் லைனில் காற்றுப் போக வழியே வைக்கவில்லை. அவர் வால்வைத் தாண்டி டீ என்கிற மூன்று வழி இணைப்புத் துண்டைப் போட்டு, தொட்டியின் மேல்மட்டத்தை விட உயரமாக ஒரு சின்னக் குழாயை மேலே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு தொட்டி காலியாகி நிரம்பினாலும் காற்று அடைப்பதில்லை. முன்பெல்லாம் தொட்டி காலியான ஒவ்வொரு தடவையும் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தோம். ஒரு முழக் குழாய் இல்லாததால் இருபத்தைந்து வருஷம் பட்ட பாடு அது.

பிறகு பாத்ரூமுக்கு வந்தார். சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார். டவல் ஸ்டாண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். "இதை யார் மாட்டுனது?" என்று மட்டும் கேட்டார். ஸ்டாண்டைக் கழற்றி, ஸ்குரூவைத் திருப்பி வெளியே எடுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் ஊசி மாதிரி பீய்ச்சி அடித்தது. டிரில் போட்டது பிளாஸ்டிக் கட்டை போகிற ஆழம் வரைதான். ஆனால் இரண்டு இன்ச் ஸ்குரூவின் நுனி கட்டையைத் தாண்டிப் போய், கீசரிலிருந்து மிக்சருக்கு இறங்குகிற சுடுதண்ணீர்க் குழாயைக் குத்தியிருக்கிறது. குத்திய ஸ்குரூவே அடைப்பாகவும் இருந்ததால் முதலில் தெரியவில்லை. நாளாக ஆக ஸ்குரூ துருப்பிடித்து, துருவின் ஓரமாகக் கசிய ஆரம்பித்திருக்கிறது.

"ஜாயின்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே "இருக்கட்டும், விடுங்க" என்றார். அந்த வேலைக்கு அவர் கேட்டது அரை நாள் கூலி. நான் முழு நாள் கூலி கொடுத்தேன், அதற்கும் அவரோடு வாதாட வேண்டியிருந்தது.

சுவருக்குள் பதித்த குழாய் எங்கே போகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, அதையும் அன்றுதான் சொல்லிக்கொடுத்தார். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் குழாயைச் சாய்வாக இழுப்பதில்லை. ஒரு தண்ணீர் டேப்புக்கு நேர் மேலே, நேர் கீழே, அல்லது இரண்டு டேப்புகளுக்கு நடுவில் ஒரே மட்டத்தில்தான் ஓடும். அந்த நேர்க்கோடுகளில் ஆணி அடிக்கவே கூடாது. நாங்கள் கீசருக்கும் மிக்சருக்கும் நடுவில், சரியாக அந்தக் கோட்டிலேயே மாட்டியிருக்கிறோம். பூசுவதற்கு முன்னால் சுவரில் அளவு டேப்பை விரித்துவைத்து, தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்று தெரிகிற மாதிரி நாலு போட்டோ எடுத்திருந்தால் போதும். போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் மாறிவிடும். பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். நான் இப்போது ஒரு நோட்டில் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வரைந்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அப்புறம் அவர் எந்த வேலைக்கு வந்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். வேவு பார்க்க இல்லை. தெரிந்துகொள்ள. அப்படித் தெரிந்துகொண்டவற்றில் சில.

சிபிவிசி, யுபிவிசி இரண்டும் ஒன்றல்ல. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும் என்று கம்பெனிகளே சொல்கின்றன. யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கு. கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கீசர் லைனில் யுபிவிசி போட்ட வீடுகளில் அது இளகி வளைந்து ஜாயின்டில் விட்டுவிடும். ஒட்டுகிற சால்வென்டும் இரண்டுக்கும் வேறு வேறு. அது பசை கிடையாது, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிற திரவம். அதனால் குழாயில் ஈரமோ மண்ணோ இருந்தால் பிடிக்காது. ஒட்டிய உடனே "தண்ணியைத் திறந்து காட்டுங்க" என்று பிளம்பரை விரட்டக் கூடாது. டப்பாவில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நேரம் விட வேண்டும்.

டேப் மாட்டுகிற இடத்தில் சுவருக்குள் பித்தளை மரை உள்ள எல்போதான் போட வேண்டும். முழு பிளாஸ்டிக் எல்போ விலையில் மிகக் குறைவு, ஆனால் நாலு தடவை டேப்பைக் கழற்றி மாட்டினால் மரை வெடித்துவிடும், வெடிப்பது டைல்ஸுக்குப் பின்னால். சாமான்களை நாமே வாங்குவது நல்லதுதான், ஆனால் அவர் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே வாங்க வேண்டும். கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி ஃபிட்டிங்கைக் கொடுத்தால் வாங்கிவரக் கூடாது. ஒரு கம்பெனிக் குழாயில் இன்னொரு கம்பெனி ஃபிட்டிங் லூசாக உட்காரலாம்.

பெரிய தட்டு மாதிரி ஷவர் வாங்குகிறவர்கள், முதலில் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கிற அலகு) அழுத்தம். மாடி இல்லாத வீட்டில் ஷவருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் தொட்டி நிற்கும். அந்த ஷவர் சொட்டத்தான் செய்யும். பிளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கீசரின் பாதுகாப்பு வால்வில் தண்ணீர் சூடாகும்போது கொஞ்சம் சொட்டினால் அது ஒழுகல் இல்லை. சூட்டில் விரிந்த தண்ணீர் வெளியே வருகிறது. அதை அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து. நிற்காமல் ஊற்றினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி சொட்டுகிற டேப்பை "அப்புறம் பார்க்கலாம்" என்று விடக் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் போகிறது, ஒரு குடத்துக்கும் மேல். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்துச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பழைய டேப்பில் பெரும்பாலும் உள்ளே இருக்கிற வாஷர் தேய்ந்திருக்கும், மாற்ற ஐந்து நிமிஷம். "இன்னும் இறுக்கித் திருகு" என்று பிள்ளைகளிடம் சொல்வது வாஷரை இன்னும் சீக்கிரம் கொன்றுவிடும்.

சமையலறை சிங்க்கில் வடிகஞ்சியை ஊற்றுவதை நிறுத்தி நான்கு வருஷம் ஆகிறது. கஞ்சியும் பாத்திரத்து எண்ணெயும் சேர்ந்து வளைவில் பசை மாதிரி படிந்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கீழே இருக்கிற கழிவுக் குழாயும் இளகும். என் அம்மா வீட்டில் வாசலில் கழுநீர்ப் பானை இருக்கும், கஞ்சியும் காய்கறித் தோலும் அதில்தான், மாட்டுக்குப் போய்விடும். இப்போது நான் ஆறவைத்துச் செடிகளுக்கு விடுகிறேன். அடைத்துக்கொண்டால் ஆசிட் ஊற்றுவதும் தவறு. அதிலும் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் கழுவுகிற பெண்களுக்கு இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

புழங்காத பாத்ரூமில் நாற்றம் வந்தால் பினாயில் வேண்டாம், தரை ஜாலியில் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ட்ராப் என்கிற வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்து வந்தால் அது வற்றியிருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது குழாயைப் பற்றியது இல்லை. போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டது. பார்க்க வந்த பிளம்பரிடம், "கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்த்துருங்க, ஐந்நூறு சேர்த்துத் தர்றோம்" என்றார்கள். படித்தவர்கள், நல்லவர்கள், வீட்டுக்கு யார் போனாலும் காபி கொடுக்காமல் அனுப்பாதவர்கள். நான் போய்ச் சத்தம் போட்டேன். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு அதை உணரக்கூடச் செய்யாது. நாற்றம் இல்லை என்று இறங்குகிறவர் மேலே வருவதில்லை, அவரைத் தூக்க இறங்குகிறவரும் வருவதில்லை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கிற 2013 சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது குற்றம், வீட்டுக்காரருக்கும் தண்டனை உண்டு. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தொகை உயர வேண்டி வந்ததே, சாவு நிற்கவில்லை என்பதால்தானே? செப்டிக் டேங்குக்கு லாரியைக் கூப்பிடுங்கள். ரொம்ப நாள் மூடிக் கிடந்த தண்ணீர் சம்ப்பிலும் (தரைக்கடித் தொட்டி) மூச்சுவிடுவதற்கு ஏற்ற காற்று இருக்காது. இரண்டு மூடியையும் திறந்து நெடுநேரம் விடாமல், மேலே ஆள் நிற்காமல், யாரையும் இறக்காதீர்கள்.

இப்போது மாடி வேலை. அதே அண்ணன்தான் செய்கிறார். திங்கட்கிழமை மாலை ஜாயின்ட் எல்லாம் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். செவ்வாய் சாயங்காலம் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டு, புதன் காலையில் பம்ப்பின் அழுத்த மீட்டரில் முள் இறங்கியிருக்கிறதா என்று இருவருமாகப் பார்க்கப் போகிறோம். டைல்ஸ்காரரிடம் வியாழக்கிழமை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். டவல் ஸ்டாண்டு இந்தத் தடவை கதவுக்குப் பின்னால்.